பேஸ்பாலின் ஒற்றை வரி ஆட்டக்காரர்களும் விளம்பர வித்தைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் அதிகம் தெரியாதவர்கள் இந்தச் செய்திகளைப் புரிந்துகொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

சில அடிப்படைகள் தெரிந்தால் போதும். பந்தை எறிபவர் பிட்சர். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர் கேட்சர். பேட்டரின் உடலளவைக் கொண்டு, அவர் நிற்கும் இடத்துக்கு நேராக ஒரு கட்டம் இருப்பதாக நடுவர் மனத்தில் கொள்வார். அந்தக் கட்டத்துக்குள் வரும் பந்து ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் பேட்டர் அவுட். கட்டத்துக்கு வெளியே போகும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டுவிட்டால், பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். இதற்கு வாக் என்று பெயர். களத்தின் நான்கு மூலைகளில் உள்ள பேஸ்களைச் சுற்றி ஓடி முடித்தால் ஒரு ரன். பேஸை எட்டும்படி அடிப்பது ஹிட். பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது பேஸைத் திருடுவது. ஆட்டத்திலிருந்து மாற்றப்பட்டவர் அன்று மீண்டும் களமிறங்க முடியாது.

அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டும் இன்றைய மேஜர் லீக். அவற்றுக்குக் கீழே பல படிகளில் மைனர் லீக் அணிகள் உள்ளன. மேஜர் லீக் ஆட்டம் ஒன்றில் ஒரு நிமிடம் நின்றவருக்கும் ஆட்டப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. கடந்த ஏறத்தாழ 150 ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் ஏறியிருக்கின்றன. இந்த ஆட்டத்தின் மாபெரும் நட்சத்திரமான பேப் ரூத்தின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறதோ, அதே ஏட்டில்தான் ஒரு பந்தைக்கூட அடிக்காத மனிதரின் பெயரும் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

3 அடி 7 அங்குல உயரமுள்ள ஒருவர் மேஜர் லீக்கில் உண்மையாகவே ஆடினாரா?

ஆடினார். அவர் பெயர் எடி கெய்டல். 1951 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, செயின்ட் லூயிஸ் நகரின் ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க்கில், செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக டெட்ராய்ட் டைகர்ஸ் அணியை எதிர்த்து அவர் களமிறங்கினார். பிரவுன்ஸ் அணியை அந்த ஜூலையில்தான் பில் வீக் வாங்கியிருந்தார். அணி பட்டியலின் அடியில் கிடந்தது. மைதானத்துக்கு ஆட்கள் வருவதில்லை. அமெரிக்கன் லீக்கின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையும், அணியின் வானொலி ஒலிபரப்புக்குப் பணம் கொடுத்த ஃபால்ஸ்டாஃப் பீர் நிறுவனத்தின் விழாவையும் சேர்த்துக் கொண்டாடுவதாக அறிவித்து, 18,000-க்கும் மேற்பட்டவர்களை வீக் திரட்டினார்.

அன்று இரண்டு ஆட்டங்கள் இருந்தன. இடைவேளையில் காகிதக் கூழால் செய்த பெரிய கேக் ஒன்று களத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குள்ளிருந்து கெய்டல் வெளியே வந்தார். வித்தை அத்துடன் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் இரண்டாவது ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில், பிரவுன்ஸின் முதல் பேட்டராக வரவேண்டிய ஃபிராங்க் சாசியருக்குப் பதிலாகக் கெய்டலின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அவர் சட்டையின் முதுகில் இருந்த எண் 1/8. அந்தச் சட்டை, அணி நிர்வாகி ஒருவரின் சிறுவயது மகன் பில் டிவிட்டுக்குரியது. அந்தச் சிறுவன்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் உரிமையாளரானார்.

நடுவர் எட் ஹர்லி ஆட்டத்தை நிறுத்தினார். பிரவுன்ஸ் மேலாளர் ஸாக் டெய்லர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். தாளில் குறையொன்றும் இல்லாததால் நடுவர் அனுமதித்தார். கேட்சர் பாப் ஸ்விஃப்ட் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிட்சர் பாப் கெய்ன் முதல் இரண்டு பந்துகளை உண்மையாகவே கட்டத்துக்குள் போட முயன்று தோற்றார். அடுத்த இரண்டையும் சிரித்துக்கொண்டே எறிந்தார். நான்கும் கெய்டலின் தலைக்கு மேலே போயின. முதல் பேஸுக்குப் போகும் வழியில் கெய்டல் நின்று நின்று கூட்டத்துக்குத் தலைவணங்கினார். அவருக்குப் பதிலாக ஓட வந்த ஜிம் டெல்சிங்கைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியேறினார். ஆட்டத்தில் பிரவுன்ஸ் 6-2 என்று தோற்றது.

அது விதிக்கு உட்பட்டதாக இருந்ததா? கெய்டலுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது?

விதிப் புத்தகத்தில் உயரத்துக்கு வரம்பு கிடையாது. ஒப்பந்தத்தை லீக் அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வீக் அதை வார இறுதியில் கிடைக்குமாறு அனுப்பிவைத்தார். திங்கட்கிழமைக்கு முன் எவரும் அதை உன்னிப்பாகப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மறுநாளே அமெரிக்கன் லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். இருந்தாலும் இன்றைய பதிவேட்டில் கெய்டலின் வரி அப்படியே இருக்கிறது: ஓர் ஆட்டம், ஒரு வாக்.

மட்டையைச் சுழற்றவே கூடாது என்றும், சுழற்றினால் கூரைமேல் துப்பாக்கியுடன் ஓர் ஆள் இருப்பதாகவும் கெய்டலை எச்சரித்ததாக வீக் பின்னாளில் எழுதினார். படிப்பவர்கள் சிரிக்கும் இடம் இது. ஆனால் ஒரு மனிதரிடம் "நீ ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும்" என்று சொல்லி அவரைக் களமிறக்கியதில் இருக்கும் அவமதிப்பையும் அதே இடத்தில் பார்க்க வேண்டும். கெய்டலுக்குக் கிடைத்தது 100 டாலர். 1959-இல் வீக் சிகாகோ வொயிட் சாக்ஸ் அணியை நடத்தியபோது, செவ்வாய்க்கிரக வாசிகளாக வேடமிட்ட சிலர் ஹெலிகாப்டரில் மைதானத்தில் இறங்கும் காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். அவர்களிலும் கெய்டல் இருந்தார்.

1961 ஜூன் 18 அன்று, 36 வயதில், சிகாகோவில் கெய்டல் மாரடைப்பால் இறந்தார். தாக்கப்பட்டதற்கான காயங்கள் உடலில் இருந்தன. பேஸ்பால் உலகிலிருந்து இறுதிச் சடங்குக்குச் சென்றவர் ஒரே ஒருவர்தான்: அவருக்கு அந்த நான்கு பந்துகளையும் எறிந்த பாப் கெய்ன். வேறெந்தப் பழக்கமும் இல்லாத அந்த மனிதருக்காகக் கெய்ன் அவ்வளவு தூரம் பயணம் செய்ததைக் கடமை என்றே கருதினார்.

பில் வீக் வெறும் வித்தைக்காரர்தானா?

இல்லை. அப்படிச் சொல்பவர்கள் அவருடைய வேலையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் கடற்படைப் பிரிவில் இருந்தபோது ஏற்பட்ட காயத்தால் ஒரு காலை இழந்தவர் அவர். 1947 ஜூலையில் கிளீவ்லாண்ட் அணியின் உரிமையாளராக லாரி டோபியைச் சேர்த்து, கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை அமெரிக்கன் லீக்கில் முதலில் உடைத்தவரும் அவரே. மறு ஆண்டு, கறுப்பினத்தவரின் லீக்குகளில் புகழ்பெற்றிருந்த சாட்செல் பேஜை 42 வயதில் அழைத்துவந்தார். அப்போதும் விளம்பரத்துக்காகச் செய்கிறார் என்று பத்திரிகைகள் ஏசின. பேஜ் ஆறு ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றார். கிளீவ்லாண்ட் அந்த ஆண்டு, இரு லீக்குகளின் முதல்வர்களும் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்தப் பருவத்தில் மைதானத்துக்கு வந்தவர்கள் 26 லட்சத்துக்கும் மேல். அது அக்காலத்தில் எந்த அணியும் காணாத எண்ணிக்கை.

கெய்டல் ஆடிய ஐந்தாம் நாள், 1951 ஆகஸ்ட் 24 அன்று, வீக் இன்னொன்றைச் செய்தார். அணியை யார் நடத்துவது என்பதைப் பார்வையாளர்களிடமே விட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு பக்கம் 'ஆம்', மறுபக்கம் 'இல்லை' என்று எழுதிய அட்டைகள் கொடுக்கப்பட்டன. பேஸைத் திருடலாமா, பிட்சரை மாற்றலாமா என்று களத்திலிருந்து ஒருவர் கேள்வி அட்டையை உயர்த்துவார். கூட்டம் அட்டையைத் தூக்கிப் பதில் சொல்லும். மேலாளர் ஸாக் டெய்லர் ஓரமாக ஓர் ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸை ஐம்பது ஆண்டுகள் நடத்தி ஓய்வுபெற்றிருந்த கான்னி மேக், அன்று ரசிகர்களோடு அமர்ந்து அட்டை பிடித்தார். பிரவுன்ஸ் 5-3 என்று வென்றது. அந்தப் பருவத்தில் 102 ஆட்டங்களில் தோற்ற அணி அது. வீக்கின் வித்தைகளிலேயே சிறந்தது எது என்று கேட்டால், யாரையும் காட்சிப்பொருளாக்காத இதைத்தான் சொல்வேன்.

ஒரே ஆட்டத்தில் 24 ரன்கள் கொடுத்த பிட்சர் பாதிரியாரானார் என்பது உண்மையா?

உண்மை. அவர் பெயர் ஆலன் டிராவர்ஸ். அந்தக் கதை ஒரு வேலைநிறுத்தத்தில் தொடங்குகிறது.

1912 மே 15 அன்று நியூயார்க்கில், டெட்ராய்ட் டைகர்ஸின் நட்சத்திரம் டை காப், தன்னை விடாமல் ஏசிய பார்வையாளர் ஒருவரைத் தடுப்பைத் தாண்டிப் போய் அடித்தார். அந்தப் பார்வையாளர் அச்சு எந்திர விபத்தில் ஒரு கையையும் மறுகையில் மூன்று விரல்களையும் இழந்திருந்தவர். லீக் தலைவர் பான் ஜான்சன் காபை இடைநீக்கம் செய்தார். சக ஆட்டக்காரர்களில் பலருக்குக் காபைப் பிடிக்காது; ஆனாலும் விசாரணையின்றித் தண்டித்தது தவறு என்று கூறி, அவர் இல்லாமல் ஆட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு அணி வராவிட்டால் உரிமையாளருக்கு 5,000 டாலர் அபராதம் என்று ஜான்சன் அறிவித்தார்.

மே 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம். டைகர்ஸ் நிர்வாகம் உள்ளூரில் கிடைத்தவர்களையெல்லாம் திரட்டியது. செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர் டிராவர்ஸிடம் ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பு வந்தது. கல்லூரி அணியின் நிர்வாக வேலைகளில் உதவிவந்தாரே தவிர, அவர் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றவர் அல்லர். ஆளுக்கு 25 டாலர் என்றும், பிட்சருக்கு மேலும் 25 டாலர் என்றும் சொன்னவுடன், எறியும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். போதாத இடங்களை நிரப்ப, ஆடுவதிலிருந்து ஓய்வுபெற்றிருந்த பயிற்சியாளர்களும் இறங்கினர்.

எதிரணி அப்போதைய உலகச் சாம்பியன் அத்லெடிக்ஸ். 26 ஹிட்கள், 24 ரன்கள். ஆட்டம் 24-2 என்று முடிந்தது. டிராவர்ஸ் எட்டு இன்னிங்ஸையும் தனியாகவே எறிந்து முடித்தார். ஒரே ஆட்டத்தில் ஒரு பிட்சர் கொடுத்த ரன்களில் அமெரிக்கன் லீக்கில் இன்றும் அதுவே உச்சம். பின்னாளில் அவர் இயேசு சபைப் பாதிரியாரானார். மேஜர் லீக்கில் ஆடிய ஒரே கத்தோலிக்கப் பாதிரியார் அவர்தான்.

அந்தக் கூட்டத்தில் இன்னும் இருவரைக் குறிப்பிட வேண்டும். எட் இர்வின் என்பவர் மூன்று முறை பேட் பிடித்து, இரண்டு முறை மூன்றாம் பேஸ் வரை ஓடும் அடிகளை அடித்தார்; அத்துடன் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. மூன்றாம் பேஸில் நின்ற பில்லி மஹார்க், 1919 வேர்ல்ட் சீரிஸ் சூதாட்ட ஊழலை அடுத்த ஆண்டு பத்திரிகைக்கு வெளிப்படுத்தியவர். வேலைநிறுத்தம் செய்தவர்களைக் காபே வற்புறுத்தித் திரும்பி ஆட வைத்தார்; அவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

சார்லி ஃபாஸ்ட் யார்?

கான்சஸ் மாநிலத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தான் பிட்சராக இருந்தால் நியூயார்க் ஜயன்ட்ஸ் லீக் பட்டத்தை வெல்லும் என்று குறிசொல்பவர் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பி, 1911 கோடையில் செயின்ட் லூயிஸில் மேலாளர் ஜான் மக்ராவைத் தேடிப்போனார். பந்தெறியும் திறமை எதுவும் அவரிடம் இல்லை. மக்ரா அவருக்கு ஒரு சோதனை வைத்தார்: பந்தை அடித்துவிட்டு, போட்டுவந்த நல்ல உடுப்போடு ஒவ்வொரு பேஸிலும் மண்ணில் சறுக்கி விழுந்து ஓடவிட்டார். அணி முழுவதும் பார்த்துச் சிரித்தது. ஆனால் அவர் கூட இருந்த நாட்களில் அணி வென்றுகொண்டே போனதால், ராசிக்காரர் என்று கூடவே வைத்துக்கொண்டார்கள்.

பட்டம் உறுதியான பிறகு, அந்த அக்டோபரில் இரண்டு ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் என்று அவரை எறிய விட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் புரூக்ளின் பிட்சர் வேண்டுமென்றே அவர்மேல் பந்தை எறிந்து முதல் பேஸுக்கு அனுப்ப, எதிரணி தடுக்காமல் நிற்க, அவர் இரண்டாம் பேஸையும் மூன்றாம் பேஸையும் திருடி ஒரு ரன்னும் எடுத்தார். பதிவேட்டில் அவையெல்லாம் உண்மையான எண்களாகவே நிற்கின்றன. ஃபாஸ்டும் அவற்றை உண்மை என்றே நம்பினார். அடுத்த ஆண்டு மக்ரா அவரைத் தட்டிக்கழித்தபோது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. 1915-இல் வாஷிங்டன் மாநிலத்து மனநல மருத்துவமனையில் காசநோயால் இறந்தார். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. உடல்நலமோ மனநலமோ குன்றியிருந்த ஒருவரை ஒரு பருவம் முழுவதும் சிரிப்பதற்காக வைத்திருந்த கதை அது என்பதை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

ஒரே ஓர் ஆட்டம் ஆடியவர்களில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார்?

முதலில் ஆர்ச்சிபால்ட் கிரஹாம். 'மூன்லைட்' என்பது பட்டப்பெயர். 1905 ஜூன் 29 அன்று ஜயன்ட்ஸ் அணிக்காக, களத்தின் வலப்புற வெளிப்பகுதியான ரைட் ஃபீல்டில் இறங்கினார். பேட் பிடிக்க அடுத்த ஆளாகக் காத்திருந்தபோது முன்னவர் அவுட்டாகிவிட, அந்த வாய்ப்பு திரும்ப வரவே இல்லை. மருத்துவம் படித்திருந்த அவர், மினசோட்டா மாநிலத்தின் வடக்கே சிஷம் என்ற சுரங்க ஊரில் குடியேறி, பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவராகப் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். குழந்தைகளின் இரத்த அழுத்தம் குறித்து ஆய்வும் செய்தார். அவர் 1965-இல் இறந்த பிறகு ஒரு நாவலும், 1989-இல் ஒரு திரைப்படமும் அவரை உலகறியச் செய்தன.

ஜான் பசியோரெக்கின் கதை நேரெதிரானது. 1963 செப்டம்பர் 29 அன்று, 18 வயதில், ஹூஸ்டன் அணிக்காக ஆடினார். மூன்று முறை பேட் பிடித்து மூன்றிலும் ஹிட், அத்துடன் இரண்டு வாக், நான்கு ரன்கள். முதுகுக் கோளாறும் அறுவை சிகிச்சையும் குறுக்கிட, அவர் மேஜர் லீக்குக்குத் திரும்பவில்லை. நூற்றுக்கு நூறு சராசரியோடு இருப்பவர்களில் மூன்று ஹிட் கொண்டவர் அவர் ஒருவரே.

வால்டர் ஆல்ஸ்டன் 1936-இல் கார்டினல்ஸுக்காக ஒரே முறை பேட் பிடித்து ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அவரே பிறகு டாட்ஜர்ஸ் அணியை 23 பருவங்கள் நடத்தி, 1955, 1959, 1963, 1965 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் வேர்ல்ட் சீரிஸ் வென்று கொடுத்தார்.

லாரி யவுன்ட் 1971 செப்டம்பரில் ஹூஸ்டன் பிட்சராக அறிவிக்கப்பட்டு, பிட்சர் நின்று எறியும் மேட்டுக்கு வந்தார். முன்னோட்டமாகச் சில பந்துகள் எறியும்போதே முழங்கை வலித்ததால் வெளியேறினார். அறிவிப்பு வந்துவிட்டதால் ஆட்டம் அவர் கணக்கில் ஏறியது. ஒரு பேட்டருக்குக்கூட அவர் பந்து எறிந்ததில்லை. அவருடைய தம்பி ராபின் யவுன்ட் 3,000 ஹிட்களைத் தாண்டி, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்.

ஒருமுறைகூட பேட் பிடிக்காமல் 105 ஆட்டங்கள் ஆட முடியுமா?

ஹெர்ப் வாஷிங்டன் ஆடினார். அவர் ஓட்டப்பந்தய வீரர். குறுந்தூர ஓட்டங்களில் உலகச் சாதனைகள் படைத்தவர். ஓக்லாண்ட் உரிமையாளர் சார்லி ஃபின்லி, ஆரஞ்சு நிறப் பந்துகளை ஆட வைத்துப் பார்த்தவர், கோவேறு கழுதையைச் சின்னமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தவர். 1974-இல் 'ஓடுவதற்கு மட்டும் ஓர் ஆள்' என்று வாஷிங்டனைச் சேர்த்தார். இரண்டு பருவங்களில் அவர் 31 பேஸ்களைத் திருடினார், 17 முறை பிடிபட்டார், 33 ரன்கள் எடுத்தார். பேட்டையோ கையுறையோ ஆட்டத்தில் ஒரு முறையும் எடுத்ததில்லை. 1974 வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில், முதல் பேஸில் கால் நகர்த்தி நின்றவரை மைக் மார்ஷல் சட்டென்று பந்தெறிந்து அவுட் ஆக்கினார். வேகம் ஒன்றே போதாது, பிட்சரின் தோளைப் படிக்கும் பழக்கமும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஒரு கையுடன் ஆடிய பீட் கிரேயை விளம்பரத்துக்காகத்தான் சேர்த்தார்களா?

இந்தக் கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் படைக்குப் போய்விட, அணிகள் கிடைத்தவர்களை வைத்து ஆடின. 1944-இல் சின்சினாட்டி, 15 வயது ஜோ நக்ஸ்ஹாலைக்கூட எறிய விட்டது. இரண்டு பேரை அவுட் ஆக்குவதற்குள் அவர் ஐந்து ரன்கள் கொடுத்தார். எட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து 135 ஆட்டங்களை வென்றார்.

கிரே சிறுவயதில் வலக்கையை இழந்தவர். 1944-இல் மைனர் லீக்கின் மெம்ஃபிஸ் அணிக்காக .333 சராசரியில் (மூன்று முறை பேட் பிடித்தால் ஒரு ஹிட்) அடித்து, 68 பேஸ்களைத் திருடி, தன் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். மேஜர் லீக்குக்கு அவர் வந்தது அந்தத் தகுதியில்தான். அவர் பந்தைப் பிடித்தெறியும் முறையைக் கவனித்தால் எத்தனை ஆண்டு உழைப்பு அதில் இருந்தது என்பது விளங்கும்: இடக்கைக் கையுறையில் பந்தைப் பிடிப்பார், கையுறையை வலப்பக்கத்து எஞ்சிய தோள்பகுதியின் கீழ் இடுக்குவார், கையை உருவும்போதே பந்து மார்பின் குறுக்காக உருண்டு வெறுங்கைக்கு வந்துவிடும், உடனே எறிவார். கையுறைக்குள் இருந்த பஞ்சை எல்லாம் பிய்த்து எடுத்திருந்தார்.

1945-இல் பிரவுன்ஸுக்காக 77 ஆட்டங்களில் .218 சராசரி. வேகமாக வரும் பந்தை அடித்தவர், மெதுவாக வளையும் பந்துக்குச் சுழற்சியைப் பாதியில் நிறுத்த முடியாமல் திணறினார். அதைப் பிட்சர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கூட்டம் சேர்க்கவே அவரை ஆட வைப்பதாகச் சக ஆட்டக்காரர்கள் சிலர் முணுமுணுத்தனர். தன்னைப் பரிதாபத்துக்குரியவராகவோ அதிசயப் பொருளாகவோ பார்ப்பதைக் கிரே கடைசிவரை வெறுத்தார்.

அதே 1945 ஆகஸ்ட் 4 அன்று, ஜெர்மனியில் விமானம் வீழ்த்தப்பட்டு ஒரு காலை இழந்திருந்த பெர்ட் ஷெப்பர்ட், செயற்கைக் காலுடன் வாஷிங்டன் அணிக்காக 5⅓ இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு ரன் கொடுத்தார். மீண்டும் வாய்ப்புத் தரப்படவில்லை.

பேப் ரூத்தை ஒரு பதினேழு வயதுப் பெண் அவுட் ஆக்கினாரா?

ஆக்கினார். 1931 ஏப்ரல் 2 அன்று, டென்னசி மாநிலம் சாட்டனூகாவில், நியூயார்க் யாங்கீஸ் ஆடிய ஒரு காட்சி ஆட்டத்தில் இடக்கைப் பிட்சர் ஜாக்கி மிட்சல், ரூத்தையும் அவரை அடுத்து வந்த லூ கெரிக்கையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். சாட்டனூகா அணியை நடத்திய ஜோ எங்கல், ஒரு ஆட்டக்காரரைக் கொடுத்து வான்கோழி வாங்கியவர், விளம்பரமே மூச்சு. ஆட்டம் ஏப்ரல் 1-க்குத் திட்டமிடப்பட்டு மழையால் தள்ளிப்போனது. இவற்றைக் காட்டி, ரூத்தும் கெரிக்கும் விட்டுக்கொடுத்தார்கள் என்று பலர் வாதிடுகிறார்கள். மிட்சல் கடைசிவரை அதை ஏற்கவில்லை. சிறுமியாக இருந்தபோது அண்டைவீட்டுக்காரரான டாஸி வான்ஸ் என்ற பெரிய பிட்சரிடம், பேட்டரை நெருங்கும்போது கீழே விழும் பந்தைக் கற்றவர் அவர். இதற்குமுன் பார்த்திராத இடக்கைப் பந்தை முதல் முறை சந்திக்கும் எந்தப் பேட்டரும் தவறவிடக்கூடும். அவருடைய சொல்லை நம்ப எனக்குத் தடையேதும் இல்லை.

1953-இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின அணி டோனி ஸ்டோனைச் சேர்த்ததும் டிக்கெட் விற்பதற்காகத்தான். அவர் அந்த அணியில் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரராக ஆண்களோடு ஆடினார்.

உயரத்திலிருந்து விழும் பந்தைப் பிடிக்கும் பந்தயங்கள் எப்போது நடந்தன?

1908 ஆகஸ்டில் வாஷிங்டன் கேட்சர் கேபி ஸ்ட்ரீட், 555 அடி உயர வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியிலிருந்து போடப்பட்ட பந்துகளில் பதின்மூன்றாவதைப் பிடித்தார். 1915-இல் புரூக்ளின் மேலாளர் வில்பர்ட் ராபின்சன், விமானத்திலிருந்து விழும் பந்தைப் பிடிக்க ஃபுளோரிடாக் கடற்கரையில் நின்றார். விமானி ரூத் லா பந்தை எடுத்துவர மறந்து, ஒரு கிரேப்ஃப்ரூட் பழத்தைப் போட்டார். அது மார்பில் வெடித்துச் சாறு தெறிக்க, அதை இரத்தம் என்று நினைத்து ராபின்சன் அலறினார். 1939-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜோ ஸ்பிரின்ஸ், ஏறத்தாழ 800 அடி உயரத்தில் பறந்த வான்கப்பலிலிருந்து விழுந்த பந்தைப் பிடிக்கப்போய்த் தாடை உடைந்து பற்களை இழந்தார். அந்தப் பந்தயத்தை அனுமதித்திருக்கவே கூடாது.

கலவரமாக முடிந்த விளம்பர இரவுகள் எவை?

இரண்டு மிகவும் பேசப்படுபவை. 1974 ஜூன் 4 அன்று கிளீவ்லாண்டில் ஒரு குவளை பீர் 10 சென்ட். வந்தவர்கள் 25,134 பேர். ஒன்பதாம் இன்னிங்ஸில் ஆட்டம் 5-5 என்று சமனில் நின்றபோது, களத்தில் இறங்கிய சிலர் டெக்சஸ் ஆட்டக்காரர் ஜெஃப் பரோஸைச் சூழ்ந்தனர். டெக்சஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் தம் அணியோடு பேட்டுகளை ஏந்தி ஓடினார். கிளீவ்லாண்ட் ஆட்டக்காரர்களும் பேட்டுகளோடு ஓடிவந்து, சொந்த ஊர்க் கூட்டத்திடமிருந்து எதிரணியைக் காப்பாற்றினார்கள். நடுவர் நெஸ்டர் சைலாக் ஆட்டத்தை டெக்சஸுக்கு அளித்தார்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் அவற்றைக் களத்தில் வெடிவைத்துத் தகர்ப்பார் என்பது ஏற்பாடு. ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் பாய்ந்தனர், தரை எரிந்தது, இரண்டாவது ஆட்டம் டெட்ராய்ட்டுக்குப் போனது. வொயிட் சாக்ஸின் உரிமையாளர் பில் வீக்தான். ஏற்பாட்டில் முன்னின்றவர் அவர் மகன் மைக். டிஸ்கோ, பெரிதும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் தன்பாலீர்ப்பினரும் வளர்த்த இசை. அன்று எரிந்த தட்டுகளில் கறுப்பினப் பாடகர்களின் வேறு வகை இசையும் இருந்ததை அங்கு வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். லாரி டோபியை அழைத்துவந்தவரின் மைதானத்தில் இது நடந்தது வருந்தத்தக்கது.

ஓர் அணியின் உரிமையாளரே மேலாளராக இறங்கியதுண்டா?

கான்னி மேக் போன்றவர்கள் இரண்டு பொறுப்பையும் நெடுங்காலம் வகித்தார்கள். அட்லாண்டா பிரேவ்ஸை வாங்கிய டெட் டர்னர், அணி தொடர்ந்து 16 ஆட்டங்களில் தோற்றபின், 1977 மே 11 அன்று தாமே சீருடை அணிந்து மேலாளராக அமர்ந்தார். அந்த ஆட்டத்திலும் பிட்ஸ்பர்க் 2-1 என்று வென்றது. அணியில் பங்கு வைத்திருப்பவர் மேலாளராகக் கூடாது என்று சொல்லி லீக் தலைவர் மறுநாள் தடுத்துவிட்டார்.

ஒரே நாளில் இரண்டு அணிகளுக்காக, இரண்டு நகரங்களில் ஹிட் அடித்தவர் யார்?

ஜோயல் யங்பிளட். 1982 ஆகஸ்ட் 4 பிற்பகல் சிகாகோவில் நியூயார்க் மெட்ஸுக்காக ஒரு ஹிட் அடித்தார். ஆட்டத்தின் நடுவே அவரை மாண்ட்ரியலுக்கு மாற்றிவிட்டார்கள். விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியா சேர்ந்து, அன்றிரவு மாண்ட்ரியலுக்காக இன்னொரு ஹிட் அடித்தார். எதிரே எறிந்தவர்கள் ஃபெர்கி ஜென்கின்ஸும் ஸ்டீவ் கார்ல்டனும். இருவருமே இன்று புகழ்க்கூடத்தில் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டா?

உண்டு. வேகமாகப் பந்தெறியும் இளைஞர்களைத் தேடி 2008-இல் இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடத்தப்பட்டது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள், பேஸ்பாலையே அறியாதவர்கள். அந்த ஆண்டு இறுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ரிங்கு சிங் மைனர் லீக்குகளில் பல பருவங்கள் எறிந்தார். மேஜர் லீக்குக்கு எட்டவில்லை. பின்னர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்.

ஆடம் கிரீன்பெர்க்குக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுத்ததும் விளம்பர வித்தைதானே?

விளம்பரமும் இருந்தது, ஆனால் நியாயமும் இருந்தது. 2005 ஜூலை 9 அன்று சிகாகோ கப்ஸுக்காக முதன்முதலாக பேட் பிடிக்க வந்த கிரீன்பெர்க்கின் தலையை முதல் பந்தே தாக்கியது. பந்து உடலில் பட்டால் முதல் பேஸ் கிடைக்கும். ஆனால் பேட் பிடித்த கணக்கில் அது சேராது. தலைச்சுற்றலும் பார்வைக் கோளாறும் நெடுநாள் நீடித்தன. ரசிகர்கள் நடத்திய இயக்கத்தின் பயனாக 2012 அக்டோபர் 2 அன்று மயாமி மார்லின்ஸ் ஒரு நாள் ஒப்பந்தம் கொடுத்தது. மெட்ஸின் ஆர்.ஏ. டிக்கி, விட்டுக்கொடுக்காமல் மூன்று பந்துகளில் அவரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். விட்டுக்கொடுக்காததே அவருக்குச் செய்த மரியாதை.

பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் எல்லாம் முடிந்த முடிவா?

இல்லை. திருத்தங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. லூ பிராக்டர் என்பவர் 1912-இல் பிரவுன்ஸுக்காக ஓர் ஆட்டம் ஆடியதாகப் பல பத்தாண்டுகள் பதிவேட்டில் இருந்தது. அப்படி ஒருவர் ஆடவே இல்லை, அந்த இடத்தில் ஆடியவர் பீட் காம்ப்டன் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்து பெயரை நீக்கினர். தந்தி இயக்குநர் ஒருவர் தம் பெயரைச் சேர்த்து அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது.

நீக்கத்தைவிடச் சேர்க்கைதான் பெரியது. 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு கறுப்பின லீக்குகளையும் மேஜர் லீக் என்று ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 3,400 ஆட்டக்காரர்கள் அந்த அறிவிப்பின் கீழ் வருகிறார்கள். நிறத்தடை இருந்த காலத்தில் மறுக்கப்பட்ட வரிகள் அவை. 2024 மே மாதத்தில் எண்கள் இணைக்கப்பட்டபோது, அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் ஒரு பந்துகூட ஆட விடப்படாத கேட்சர் ஜாஷ் கிப்சன், .372 என்ற வாழ்நாள் சராசரியோடு டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். வில்லி மேஸுக்கு, 1948-இல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக அடித்த பத்து ஹிட்கள் கூடின. பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஆட்ட விவரங்களைத் தேடி எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு விவரம் கிடைக்கும்போதும் இந்த எண்கள் மாறும்.